தேர்தலும் தெளிதலும்: கந்தக மண்ணிலிருந்து ஒரு குறள் நோக்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் அகத்திணை பற்றிப் பேசியிருக்கிறேன். காப்பியப் பெண்டிரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இன்று வேலைக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மேடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. அதற்கு விடை கூறிவிட்டே பொருளுக்குள் புகுகிறேன்.

சென்ற ஆண்டு நம் கூட்டமொன்றில் பொருட்பாலின் அமைப்பு பற்றி உரையாற்றினேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நம் வட்டத்திற்குத் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். சிவகாசிப் பக்கம் சிறிய பட்டாசு ஆலை நடத்துபவர். "ஏம்மா, பொருட்பால் பொருட்பால்ங்கீங்க. நம்பிக்கையான ஆள எங்க போய்ப் புடிக்கிறதுன்னு வள்ளுவர் எங்கயாச்சும் சொல்லியிருக்காரா? போனஸ் குடுத்தேன், அட்வான்ஸ் குடுத்தேன், வேன் விட்டேன். தீபாவளி முடிஞ்சு பூசை போட்டா பாதிப்பேரக் காணோம்" என்றார். "இருபது குறள் சொல்லியிருக்கார் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அத ஒரு நாள் மேடையில சொல்லுங்க" என்று கூறிச் சென்றார். அந்தக் கடனைத் தீர்க்கவே இவ்வுரை.

எத்தனை பேர் என்ற கேள்வி

நம் வட்டாரத்தின் தொழில் வரலாறு நீங்கள் அறிந்ததே. மழை பொய்க்கும் கரிசல் மண். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் ஒட்டுத்தாள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இம்மாவட்டத்தில் உள்ளன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது.

இத்தொழில்கள் வளர்ந்த காலத்தில் முதலாளிகளுக்கு ஆள் கிடைப்பது ஒரு சிக்கலாக இருந்ததில்லை. மானாவாரி நிலம் கைவிட்டபோது ஊரே வாசலில் வந்து நின்றது. எனவே 'எத்தனை பேர்' என்று கேட்டார்களேயன்றி 'யார்' என்று கேட்கும் தேவை எழவில்லை. என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்தது கட்டைகளின் எண்ணிக்கை மட்டுமே. அவர் கவனமானவரா, நாணயமானவரா, பிறர்க்குக் கற்றுத்தர வல்லவரா என்பதற்கு அப்பேரேட்டில் இடமில்லை.

எண்ணிக்கையே கணக்காகும் இடத்தில் குழந்தையின் விரலும் கணக்கில் சேர்ந்துவிடும். சேர்ந்தது. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறியது.

குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். மேனிலைத் தேர்வில் நம் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. பிள்ளைகள் படித்தனர், பட்டம் பெற்றனர், கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் சென்றனர். நூறுநாள் வேலைத் திட்டம் வந்தபோது ஊரிலேயே ஒரு மாற்றுக் கூலி பிறந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தபின், சரம் பின்னிய பெண்கள் பலர் வேறு வேலை தேடினர். இவ்வாறாக ஆள் குறைந்தது.

அண்ணாச்சியின் வருத்தத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். இந்த ஆள் பற்றாக்குறையின் பெரும்பகுதி, நம் மண்ணில் நடந்த ஒரு நன்மையின் விளைவு. என்னைப் போன்றவர்கள் கட்டை அடுக்காமல் இம்மேடையில் நிற்பதும் அப்பற்றாக்குறையின் ஒரு பகுதியே. 'எத்தனை பேர்' என்ற கேள்வி முடிந்து 'யார்' என்ற கேள்வி முதன்முறையாக நம் ஆலைகளின் வாசலுக்கு வந்திருக்கிறது. வள்ளுவர் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்.

நான்கு சோதனைகள்

பொருட்பாலில் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. 52-ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. முன்னது ஆளைத் தேர்ந்து நம்புவது பற்றியது; பின்னது தேர்ந்தவரிடம் வினையை ஒப்படைத்து ஆள்வது பற்றியது. தேர்வதையும் ஆள்வதையும் இரண்டு கலைகளாக அவர் பிரித்ததே முதற்பாடம். நல்ல ஆளைச் சேர்த்துவிட்டால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று அவர் எண்ணவில்லை.

51-ஆம் அதிகாரத்தின் முதற்குறள், ஒருவனை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் வழியாக ஆராயச் சொல்கிறது. பரிமேலழகர் இவற்றை நான்கு உபதைகளாக விரிக்கிறார். அரசன் பிறரை ஏவி அமைச்சனிடம் பொய்யாகச் சில சொற்களைச் சொல்லவைப்பான். அறத்தின் பெயரால் ஒன்று, பொருளாசை காட்டி ஒன்று, இன்பத்தைக் காட்டி ஒன்று, உயிருக்கு அச்சம் காட்டி ஒன்று. நான்கிலும் திரியாதவனே தெளியத்தக்கவன். வடமொழி அர்த்தசாத்திரத்திலும் இச்சோதனைகள் உண்டு.

நம் வட்டாரத்தில் நான்காம் சோதனையை யாரும் நாடகமாக நடத்த வேண்டியதில்லை. அது நாள்தோறும் உண்மையாகவே நடக்கிறது. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலக்கும் அறையில் இரும்புக் கருவி கூடாது. கலவையை உரசலாகாது. வெயில் ஏறிய பின் கலக்கலாகாது. மீந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கலாகாது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரலாகாது. விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் இவற்றுள் ஒன்றோ இரண்டோ மீறப்பட்டதாகப் படிக்கிறோம். 'மணிமருந்து உராய்வினால்' என்ற தொடர் நம் நாளிதழ்களில் வாய்பாடாகவே ஆகிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். அரசவையில் உயிருக்கு அஞ்சாதவன் நம்பத்தக்கவன். பட்டாசு ஆலையில் அஞ்சுபவனே நம்பத்தக்கவன். "முப்பது வருசமா மருந்து கலக்குறேன், எனக்கென்ன பயம்" என்று நெஞ்சு நிமிர்த்துபவரே அறைக்குள் இருக்கும் பேரிடர். இது வள்ளுவர்க்கு முரணன்று. அஞ்சத் தக்கதைக் கண்டு அஞ்சாதிருப்பது அறியாமை என்பதை 'அறிவுடைமை' அதிகாரத்தில் அவரே சொல்லியிருக்கிறார். துணிச்சலைக் கண்டு ஆள் எடுக்கும் வழக்கத்தை நம் ஆலைகள் கைவிட வேண்டும். கை நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கி, வேலையை நிறுத்தத் தெரிந்தவரையே தேட வேண்டும்.

முன்பணமும் நம்பிக்கையும்

ஆள் பற்றாக்குறைக்கு நம்மவர் கண்ட மருந்து முன்பணம். தீபாவளி முடிந்து ஆலை திறக்கும் நாளில் ஒரு தொகை கையில் தரப்படுகிறது. தொழிலாளி அந்த ஆண்டு அந்த ஆலைக்கே வருவதாக ஏற்கிறார். திருமணச் செலவு, மருத்துவச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என அப்பணத்துக்கு ஆயிரம் வழிகள் உண்டு. அது உதவியாகவும் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் முன்பணம் செய்வது என்ன என்று எண்ணிப் பாருங்கள். அது காலைக் கட்டுகிறது, மனத்தைக் கட்டுவதில்லை. அடுத்த ஆலை கூடுதலாகத் தந்தால் பழைய கடனை அடைத்துவிட்டு ஆள் அங்கே போவார். முதலாளி இவரை ஆராயவில்லை; இவரும் முதலாளியை ஆராயவில்லை. ஆராயாமல் நம்புவதும், நம்பிய பின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று 51-ஆம் அதிகாரம் முடிகிறது. முன்பண முறையில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. ஆராயாமல் பணம் தருகிறோம். பணம் தந்த மறுநாளே ஐயுறத் தொடங்குகிறோம்.

உரிமத்தை உள்குத்தகைக்கு விடும் வழக்கம் இதனினும் கொடியது. உரிமம் ஒருவர் பெயரில்; அறைகள் பலர் கையில்; ஒவ்வோர் அறையிலும் வேறொரு குத்தகைக்காரரின் ஆட்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் பெற்றவர் ஒருவராகவும் தொழில் நடத்தியவர் வேறாகவும் இருந்தது இவ்விரண்டு விபத்துகளின் பின்னும் பேசப்பட்டது. அத்தகைய இடத்தில் யார் யாரைத் தேர்ந்தார்? யார் யாரைத் தெளிந்தார்? நம்பத்தகாத ஆட்களைப் பற்றி முதலாளிகள் பேசுகிறார்கள். நம்பத்தகாத முதலாளிகளைப் பற்றித் தொழிலாளர்கள் எந்த மேடையில் பேசுவார்கள்?

நான் எழுதிய சான்றிதழ்

பிறரைக் குறை கூறியது போதும். என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

என் மாணவர் ஒருவர், சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர், இளங்கலைத் தமிழ் முடித்துப் பட்டாசு ஆலையொன்றில் மேற்பார்வைப் பணிக்குச் செல்ல விரும்பினார். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கையெழுத்திடும் தாள்தான் அது. 'ஒழுக்கமானவர்; பணிவானவர்; இட்ட பணியைத் தட்டாது செய்பவர்' என்று எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. பின்னர் முறையாகப் பயிற்சி பெற்று போர்மேனாகவும் ஆனார்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், மருந்து செலுத்தும் அறை ஒன்றில் ஏழு பெண்கள் அமர்ந்திருப்பதைக் கண்டு மூவரை வெளியே வரச் சொன்னார். வேலையை முடித்துத் தரும் பொறுப்பேற்றிருந்தவர், "ஆர்டர் நிக்குது, உக்காரட்டும்" என்றார். இவர் அந்த அறைக்கு மருந்து செல்வதையே நிறுத்தினார். அப்பெண்களும் இவர் பக்கம் நிற்கவில்லை. அவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி. "எங்க கூலிய நீயா தருவே?" என்று கேட்டார்கள். அன்று மாலை, நாளை முதல் வர வேண்டாம் என்று கூறிவிட்டனர்.

மறுவாரம் என் வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து, "அம்மா, நீங்க எழுதிக் கொடுத்த மாதிரி நான் நடந்துக்கல" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுதியைக் கொள்ள வேண்டும் என்று வகுப்பறையில் எத்தனை முறை பொருள் சொல்லியிருப்பேன்! என் எதிரில் மூன்றாண்டுகள் அமர்ந்திருந்த மாணவரின் தலையாய குணம் எதுவென்று நான் நாடவில்லை. தவறான பணியைத் தட்டும் திறமே அவருடைய சிறப்பு. நானோ தட்டாமையைச் சிறப்பென்று எழுதிக் கொடுத்தேன். ஆலை எதைக் கேட்டதோ அதையே கல்லூரியும் எழுதிக் கொடுத்திருக்கிறது. தேராமல் தெளிந்தவர் பட்டியலில் என் பெயரும் உண்டு.

அந்த ஆலையில் நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்று இன்றும் வருந்திக்கொண்டிருக்கக்கூடும். கிடைத்தார். அவரை அவர்கள் அடையாளம் காணவில்லை. அவர் இப்போது அச்சகம் ஒன்றில் பணிபுரிகிறார்.

ஒப்படைத்தல்

52-ஆம் அதிகாரம் இங்கேதான் நமக்குத் தேவைப்படுகிறது. இவ்வினையை இக்கருவியால் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்தபின், அவ்வினையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார் வள்ளுவர். நம் போர்மேனிடம் பொறுப்பை விடுகிறோம், அதிகாரத்தை விடுவதில்லை. விபத்து நேர்ந்தால் வழக்கில் அவர் பெயர் சேர்கிறது. வேலையை நிறுத்த முனைந்தால் அவர் வேலை போகிறது. இது ஒப்படைத்தல் ஆகாது; பழியை ஒருவர் தலையில் ஏற்றி வைப்பதாகும்.

'எங்க கூலிய நீயா தருவே' என்று கேட்ட பெண்களை நான் பழிக்க மாட்டேன். அந்த அரைநாள் கூலி அவர்கள் வீட்டு உலையில் வேகும் அரிசி. எண்ணிக்கைக் கூலி என்பது, தன் பாதுகாப்பைத் தானே விற்கும்படி ஒருவரை நாள்தோறும் தூண்டும் முறை. பாதுகாப்புக்காக அறையை நிறுத்தினால், நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஓர் ஆலை அறிவிக்கட்டும். அந்த ஆலையில் தொழிலாளியே போர்மேனை அழைத்துக் குறையைக் காட்டுவார். நூறு அறிவிப்புப் பலகைகள் செய்யாததை அந்த ஒரு விதி செய்யும்.

இன்னொரு குறளைப் பற்றியும் பேச வேண்டும். சுற்றம் அற்றவரை நம்புதலைத் தவிர்க்க வேண்டும். பற்று இல்லாமையால் அவர்கள் பழிக்கு நாணார் என்பது 51-ஆம் அதிகாரத்தில் வரும் கருத்து. வடமாநிலங்களிலிருந்து நம் ஆலைகளுக்கும் அச்சகங்களுக்கும் வருவோரை ஐயுறுவதற்கு இக்குறளைச் சிலர் மேற்கோள் காட்டக் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்தடுத்து வரும் அதிகாரங்களின் வரிசையை நோக்குமாறு வேண்டுகிறேன். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், அதன்பின் 'சுற்றந்தழால்'. உரையாசிரியர்கள் அங்கே சுற்றம் என்பதற்கு உறவினர் என்றே பொருள் கொள்வர். நான் கூறப்போவது உரை வழக்கன்று; என் கருத்து. வேற்றூரிலிருந்து வந்தவர்க்குச் சுற்றம் இல்லையெனில், அதை உண்டாக்கித் தருவது வினை தருபவரின் கடமை. தகரக் கொட்டகையில் தங்கவைத்து, அவர் படிக்க இயலாத தமிழ் எழுத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு, அவர்க்குப் பற்றில்லை என்று கூறுவது அறமாகாது.

அண்ணாச்சிக்கு

முதலாளிகளின் இடர்ப்பாட்டையும் நான் உணர்கிறேன். ஆண்டு முழுவதும் செய்த பொருளுக்கு ஒரே ஒரு பண்டிகைதான் சந்தை. வெளியூர் வணிகர்களிடமிருந்து பணம் வரும்வரை கடனும் வட்டியும். நான் அறையை நிறுத்தினால் பக்கத்து ஆலைக்காரர் என் ஆர்டரை எடுத்துக்கொள்வார் என்ற அச்சம் பொய்யன்று. ஓர் ஆலை தனியாக நல்லதாக இருப்பது கடினம். ஊரே சேர்ந்து ஒரு முறைக்கு வர வேண்டும். அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன.

இனி, அண்ணாச்சியின் கேள்விக்கு என் விடை. நம்பிக்கையான ஆளைப் 'பிடிக்க' முடியாது அண்ணாச்சி. அவரவர் செயலே உரைகல் என்கிறார் வள்ளுவர். அந்த உரைகல் முதலாளிக்கும் பொதுவானது. தொழிலாளியும் உங்களை உரைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஏழாவது ஆளை வெளியே அனுப்பிய போர்மேனை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் ஊர் பார்க்கிறது. பூசை போட்ட மறுநாள் யார் வருகிறார்கள் என்பது அதைப் பொறுத்தது.

கவிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கந்தக பூமியைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கருகிய உடல்களைப் பற்றி, விண்ணில் பூக்கும் வண்ணங்களைப் பற்றி. விபத்து நிகழ்ந்தபின் எழுதப்பட்டவையே மிகுதி. விபத்து நிகழாமல் போன ஒரு மாலையைப் பற்றி, அதற்குக் காரணமாகி வேலையிழந்து பேருந்துக்குக் காத்து நின்ற ஒருவரைப் பற்றி நம்மில் யாரேனும் எழுத வேண்டும். நாளிதழில் அவர்க்கு இடமில்லை. நம் தொகுப்புகளிலாவது இருக்கட்டும்.

நான் அந்தச் சான்றிதழை மீண்டும் எழுதினேன். 'செய்யத் தகாததைச் செய்ய மறுப்பவர். எனவே நம்பத்தக்கவர்' என்று அதில் ஒரு வரி சேர்த்தேன். அச்சகத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் வேலை கொடுத்தார்களாம். இந்த ஊரிலும் தேர்ந்து தெளிபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது எனக்குப் போதுமான சான்று.